மூன்று மாதம் கவனிக்காமல் விட்ட வீட்டு பீர்: குடிக்கலாமா, ஊற்றிவிடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஜனவரி கடைசியில் பெங்களூரு மாரத்தஹள்ளி ஃப்ளாட்டில், 20 லிட்டர் தண்ணீர் கேனில், 3 கிலோ பேல் மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கொஞ்சம் ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ) போட்டு 15 லிட்டர் பேல் ஏல் என்கிற வெளிர்நிற பீர் போட்டீர்கள். நான்கைந்து நாள் நன்றாக நுரைத்தது. அதற்குள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் திருநெல்வேலிக்குப் போனவர், ஏப்ரல் கடைசியில்தான் திரும்பியிருக்கிறீர்கள். வந்து பார்த்தால் ஏர்லாக்கில் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) சொட்டுத் தண்ணீர் இல்லை, மேலே வெள்ளையாக ஒரு ஆடை, அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண்டி. "கெட்டுப்போச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடித்தால் கண் போய்விடும் என்று வீட்டில் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. குடித்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? வாயில் வைக்கிற மாதிரி இருக்குமா? பாட்டிலில் அடைக்கலாமா? மூன்றாவதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் வீட்டில் பீர் போடுகிறவர்கள் நிஜமாகவே காயப்படுவது அதில்தான். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. உயிர்ப் பயத்துக்கு ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடி மிதவை) பதில் சொல்லும், ருசிக்கு மூக்கு பதில் சொல்லும், பாட்டிலுக்கு இரண்டும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

நான் மைக்ரோபயாலஜி படித்தவன். பல வருடம் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருந்துவிட்டு, இப்போது பெங்களூரில் ஒரு மைக்ரோப்ரூவரியில் வேலை செய்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு: நீங்கள் போட்டிருக்கும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "போச்சு, கொட்டு" என்றோ "ஒன்றும் ஆகாது, குடி" என்றோ சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். மேலே படர்ந்திருப்பது எந்தக் கிருமி என்று மைக்ரோஸ்கோப் இல்லாமல் எனக்கும் தெரியாது. நல்லவேளையாக, முடிவெடுக்க அது அவசியமும் இல்லை.

முதலில் கண் விஷயம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்த பிறகு, வீட்டில் போடுகிற எதைப் பார்த்தாலும் நம் ஜனங்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் அங்கே ஆளைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலையில் பயன்படுத்தும் கரைப்பான். சாராயத்தில் யாரோ கலந்தது, புளித்ததால் தானாக உண்டானது இல்லை. நொதிக்கும்போது மெத்தனால் உருவாக பெக்டின் என்ற நார்ப்பொருள் வேண்டும். பழங்களில் பெக்டின் உண்டு, பார்லி மால்ட்டில் அது இல்லை என்றே சொல்லலாம். நீங்கள் காய்ச்சி வடிக்கவும் இல்லை. மூன்று மாதம் என்ன, மூன்று வருடம் வைத்தாலும் உங்கள் கேனில் கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. இதை வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது கிருமி பயம். ஒழுங்காக நொதித்த பீரில் மனிதனுக்கு நோய் தருகிற பாக்டீரியா வளர்வது ரொம்பக் கஷ்டம். பி.எச். அளவு 4-இலிருந்து 4.5-க்குள் இருக்கும், அதாவது நல்ல அமிலம். ஆல்கஹால் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. இதற்கு மேல் ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் பாக்டீரியாவில் ஒரு பெரிய வகையையே அடக்கி வைக்கின்றன. கள்ளுக்கு இந்தக் காவல் இல்லை. அதனால்தான் காலையில் இறக்கிய கள் மறுநாளே புளித்து, காடியாக, அதாவது வினிகராக மாறத் தொடங்குகிறது, பீர் மாதக்கணக்கில் தாங்குகிறது. இந்த வேலியைத் தாண்டி வருகிற சில ஜந்துக்கள் உண்டு. லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ், அசிட்டோபாக்டர், காட்டு ஈஸ்ட்கள். இவை பீரின் ருசியைக் கொல்லும், ஆளைக் கொல்லாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் நொதித்த பீருக்குத்தான். ஈஸ்ட் வேலையே செய்யாமல் இனிப்பாகவே நின்றுபோன வோர்ட்டுக்கு (நொதிக்காத மால்ட் சாறு) இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதன் பி.எச். 5-க்கு மேல் இருக்கும். 4.6-க்கு மேல் பி.எச். உள்ள, காற்றில்லாத, வெதுவெதுப்பான திரவத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும். அதன் விஷத்துக்கு நிறமோ மணமோ ருசியோ இல்லை. ஆகவே நொதித்ததா என்று தெரியாமல் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த எதையும் நுனி நாக்கில்கூட வைத்துப் பார்க்கக் கூடாது. உங்கள் கேன் நான்கைந்து நாள் நுரைத்திருக்கிறது, மண்டி படிந்திருக்கிறது. அதனால் பயமில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் தோன்றுவது போதாது, அளந்து பார்த்துவிடுவோம்.

அதற்குத்தான் ஹைட்ரோமீட்டர். வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும், சர்க்கரை கூடக் கூட எண் ஏறும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும். ஆரம்ப அடர்த்தியைக் குறித்து வைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. 3 கிலோ மால்ட்டில் 15 லிட்டர் என்றால், வீட்டுப் பாத்திரத்தில் எடுக்கும் சாதாரணத் திறனுக்கு 1.040-இலிருந்து 1.045 வரை இருந்திருக்கும். அப்படியானால் இப்போது 1.008-இலிருந்து 1.012-க்குள் காட்ட வேண்டும். காட்டினால் நொதித்தல் முடிந்திருக்கிறது, சுமார் 4 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, நோய்ப் பயம் தீர்ந்தது. 1.020-க்கு மேல் நின்றால் ஈஸ்ட் பாதி வழியில் படுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் பி.எச். பட்டையை நனைத்துப் பார்த்து, 4.5-க்குக் கீழே என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே மேற்கொண்டு யோசியுங்கள். 1.035-க்குப் பக்கத்தில் நின்றால் யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள். மாறாக 1.004-க்கும் கீழே போயிருந்தால், நீங்கள் போட்ட ஈஸ்ட் சாப்பிட முடியாத சர்க்கரையை வேறு யாரோ வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது காட்டு ஈஸ்ட்டாகவோ பாக்டீரியாவாகவோ இருக்கலாம். பாட்டில் பேச்சு வரும்போது இந்த எண் முக்கியம்.

அளக்கும்போது இரண்டு சின்ன விஷயம். ஹைட்ரோமீட்டர்களில் பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவு செய்யப்பட்டவை, எந்த டிகிரி என்று உள்ளே இருக்கும் தாளில் அச்சடித்திருப்பார்கள். ஏப்ரல் மாத பெங்களூரு வீட்டில் பீர் 30 டிகிரியில் இருந்தால் கடைசி இலக்கத்தில் இரண்டு அல்லது மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், அளக்கும் ஜாடியில் உள்ள பீரில் ஹைட்ரோமீட்டரை விட்டதும் கண்ணாடித் தண்டில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டும். ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் படியுங்கள்.

சாம்பிள் எடுப்பதற்கு மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். அதன் முனையில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய சிலிக்கான் குழாயைச் செருகுங்கள். குழாயைக் கொதிநீரில் போட்டெடுத்து, கேனின் சுவரை ஒட்டி மெதுவாக இறக்கி, ஆடைக்குக் கீழே அரைச் சாண் ஆழத்தில் இருந்து இழுங்கள். முதல் 50 மில்லியைக் கொட்டிவிடுங்கள், அதில் ஆடையின் துணுக்குகள் இருக்கும். பிறகு எடுப்பதை நிறமில்லாத கண்ணாடி டம்ளரில் விடுங்கள். ஒருமுறை எடுத்த பீரைத் திரும்ப கேனில் ஊற்றாதீர்கள்.

குழாயை இறக்கும்போதே அந்த ஆடையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். டார்ச் அடித்து, மேலிருந்து ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம். கேனின் சுவரில், திரவத்துக்கு மேலே பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருப்பது முதல் வார நுரையின் மிச்சம், அதில் ஒன்றுமில்லை. பழுப்பு வெள்ளையில் திட்டுத்திட்டாக மிதந்து, கேனை ஒரு தட்டு தட்டியதும் உடைந்து கீழே இறங்கினால் அது ஈஸ்ட் கட்டி. பச்சைத் துணுக்கு ஹாப்ஸ். இந்த மூன்றையும் பார்த்துப் பயந்துபோய் நல்ல பீரை வாஷ்பேசினில் கொட்டியவர்கள் நிறைய. ஆனால் மாவு தூவின மாதிரி வெள்ளையாக, சுருக்கம் விழுந்து, அடியில் குமிழி சிக்கிக்கொண்டு அங்கங்கே உப்பி நின்று, தட்டினால் இறங்காமல் கண்ணாடித்தாள் போல விரிசல் விட்டால், அது கிருமிகள் நெய்த படலம். உங்கள் படத்தில் தெரிவது பெரும்பாலும் இந்த வகைதான். படலம் இருந்தால் வேண்டாத விருந்தாளி வந்திருக்கிறான் என்பது நிச்சயம். பீர் வீணாகிவிட்டதா என்பது அதிலிருந்து தெரியாது. படலம் காற்று படுகிற மேல்பரப்பில் உண்டாவது. கீழே இருக்கும் பதினைந்து லிட்டரின் கதை வேறாக இருக்கலாம்.

பூஞ்சை என்றால் மட்டும் பேச்சே இல்லை. பஞ்சு மாதிரி மேலெழும்பி, ரோமம் ரோமமாக, பச்சையோ கருப்போ நீலமோ நிறம் பிடித்து வட்ட வட்டமாக இருந்தால் அது பூசணம். மேலே அள்ளி எறிந்துவிட்டுக் கீழே இருப்பதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சில பூஞ்சைகள் விடும் நச்சு திரவத்தில் கரையும், கொதிக்க வைத்தாலும் போகாது. எந்தப் பூஞ்சை என்று வீட்டில் கண்டுபிடிக்க வழி கிடையாது. ஆயிரம் ரூபாய் மால்ட்டுக்காக அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

சரி, பூசணம் இல்லை, ஹைட்ரோமீட்டரும் சரியாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி மூக்கின் வேலை. டம்ளரைக் கையால் மூடி, இரண்டு சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் ஒரு குட்டி மூச்சு இழுங்கள். முதல் மூச்சுதான் கணக்கு. நாலு தரம் மோந்து பார்த்த பிறகு மூக்கு பழகிவிடும், எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். லேபில் நாங்கள் ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவே சட்டைக் கையை மோந்துகொள்வோம், நம் வாசனைக்குத் திரும்பினால் மூக்கு சமநிலைக்கு வரும்.

உங்கள் கேனில் எனக்கு முதல் சந்தேகம் காடி வாடை மேல்தான். ஏர்லாக் வற்றியிருக்கிறது. 20 லிட்டர் கேனில் 15 லிட்டர்தான் இருக்கிறது, மிச்சம் அஞ்சு லிட்டர் காலியிடம். ஈஸ்ட் வேலை செய்த நாட்களில் அங்கே கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருந்திருக்கும். தண்ணீர் வற்றியபின் பகலில் சூடேறி வாயு விரிந்து வெளியே போவதும், ராத்திரி குளிர்ந்து வெளிக்காற்று உள்ளே வருவதுமாகத் தினமும் கேன் மூச்சு விட்டிருக்கும். வினிகர் பண்ணுகிற அசிட்டோபாக்டருக்குக் காற்று இருந்தால்தான் வேலை ஓடும், இப்போது அது தாராளமாகக் கிடைத்திருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு வருவது வாழைப்பழத் தாரைச் சுற்றுகிற அந்தப் பொடி ஈ. ஏர்லாக்குக்குள் செத்த ஈ ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் விசாரணை பாதி முடிந்தது. மூக்கைத் துளைக்கிற புளிப்பு, கூடவே நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி வந்தால் அசிட்டோபாக்டரோ காட்டு ஈஸ்ட்டோ குடியேறிவிட்டது. நகப்பூச்சு நெடி சூட்டில் நொதித்த பீரிலும் வரும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் போட்டது ஜனவரியில், பெங்களூரில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும் மாதம். உங்கள் பீர் நொதித்தது குளிரில், வெந்தது அதற்கப்புறம்தான். அதனால் அந்த நெடி வந்தால் பழியைச் சூட்டின் மேல் போட முடியாது.

மூக்கைத் துளைக்காத, மோர் மாதிரி சாதுவான புளிப்பு என்றால் லாக்டோபேசில்லஸ். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் கூட்டத்தின் பங்காளிதான் இது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. புளிப்போடு வெண்ணெய் வாசனை, தியேட்டர் பாப்கார்ன் வாசனை வந்தால் பீடியோகாக்கஸ். சாதாரணமாக அந்த வெண்ணெய் வாசனையை ஈஸ்ட்டே உண்டாக்கி, ஈஸ்ட்டே தின்றுவிடும். மூன்று மாதம் ஈஸ்ட் மண்டியின் மேல் கிடந்த பீரில் அது இன்னும் தூக்கலாக இருக்கிறது என்றால் புதிதாக யாரோ தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும். சில பீடியோகாக்கஸ் பீரை நூல் விடவும் வைக்கும். டம்ளரைச் சாய்த்தால் ஊசிப்போன குழம்பு போலக் கொழகொழவென்று இறங்கும். ஆலையில் இப்படி ஒரு டேங்க் வந்தால் லேபில் யாரும் வாய் திறக்க மாட்டோம், நேராக வடிகால்தான்.

கிராம்பு வாசனை, குதிரைலாய வாசனை, பழைய தோல் வாசனை இவை காட்டு ஈஸ்ட்டின் கைவரிசை. டெட்டால் வாசனை வேறு சாதி. அது கிருமியால் வருவதைவிட, குளோரின் போட்ட காவேரித் தண்ணீரை அப்படியே பயன்படுத்தியதாலோ, ப்ளீச்சில் கழுவிய கேனைச் சரியாக அலசாததாலோ வருவதே அதிகம். முதல் நாளே உண்டான குறை அது, மூன்று மாத ஊர்ப்பயணத்தின் மேல் பழி போட முடியாது. வாந்தி வாடை, அழுகிய பாலாடைக்கட்டி வாடை வந்தால் ருசி பார்க்க வேண்டாம். விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை யாராலும் குடிக்க முடியாது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது கிருமிகளின் வேலை. கிருமியே இல்லாமல் காலமும் காற்றும் வெயிலும் செய்கிற வேலை தனி. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஆக்சிஜனேற்றம். பேல் ஏல் என்றால் நிறமும் பொன்னிலிருந்து மங்கின பழுப்புக்கு இறங்கியிருக்கும், ஹாப்ஸின் வாசனை அடியோடு போயிருக்கும். தண்ணீர் கேனின் பிளாஸ்டிக் கண்ணாடி அளவுக்குக் காற்றைத் தடுக்காது. ஆகவே உங்கள் ஏர்லாக் வற்றாமலே இருந்திருந்தாலும் மூன்று மாதத்தில் ஓரளவு இது நடந்திருக்கும். கேன் ஜன்னல் பக்கம் இருந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. வெளிச்சம் பட்டிருந்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, பச்சை பாட்டில் பீரை வெயிலில் வைத்துக் குடித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த அந்த நாற்றம் வரும். இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை. திருத்தவும் முடியாது.

செத்த ஈஸ்ட் விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். மண்டியின் மேல் ஒரு மாதத்துக்கு மேல் விட்டால் ஈஸ்ட் செல்கள் வெடித்து பீர் கெட்டுவிடும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அந்த அறிவுரை பிறந்தது ஆலைகளில். அங்கே பல மீட்டர் உயர டேங்கின் அடியில் ஈஸ்ட் மேல் விழும் அழுத்தமும் சூடும் அதிகம். உங்கள் கேனில் திரவத்தின் உயரமே ஒரு முழத்துக்குள்தான், ஒரு மாதமெல்லாம் ஒன்றுமே செய்யாது. மூன்று மாதம், அதிலும் மார்ச், ஏப்ரல் வெக்கையில் என்றால் இரண்டு விதமாகவும் நடக்கலாம். சோயா சாஸ், மாமிச சூப், எரிந்த ரப்பர், இந்த மூன்றில் ஒன்று மூக்கில் பட்டால் நடந்திருக்கிறது. படாவிட்டால் இல்லை. நாளைக் கணக்குப் பண்ணி இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூக்கு பாஸ் போட்டால் ஒரு ஸ்பூன் வாயில் விடுங்கள், நாக்கில் சுற்றித் துப்பிவிடுங்கள். துப்புவது பயத்துக்காக இல்லை, அடுத்த வாயைத் தெளிவாகப் பார்ப்பதற்காக. சூடான, நுரையில்லாத பீர் எப்போதுமே கொஞ்சம் அசடாகத்தான் இருக்கும். அதனால் ஒரு டம்ளரை ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து இன்னொரு தரம் பாருங்கள். கையில் பி.எச். மீட்டர் இருந்தால் நாக்குக்கு ஒரு சாட்சி கிடைக்கும். 4-க்கு மேல் என்றால் புளிப்பு உங்கள் கற்பனையாகக்கூட இருக்கலாம். 3.8-க்குக் கீழே என்றால் பாக்டீரியா வேலை செய்கிறது. இந்த பி.எச். அளவுகோலே 1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. பீர்க்காரர்கள் உலகத்துக்குச் செய்த உபகாரங்களில் ஒன்று என்று எங்கள் ஆட்கள் பெருமை அடித்துக்கொள்வார்கள்.

புளித்தாலே வீண் என்றும் இல்லை. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று ஒரு பீர் இருக்கிறது. வோர்ட்டைத் திறந்த தொட்டியில் ராத்திரிக் காற்றில் ஆறவிட்டு, தானாக வந்து விழுகிற ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் நம்பி, மரப்பீப்பாயில் மூன்று வருடம் வரை போட்டு வைப்பார்கள். உங்கள் கேனில் இருப்பது மாதிரி படலம் அங்கே பீப்பாய்க்குள் சகஜம். அதற்காக உங்கள் கேனுக்கு மாரத்தஹள்ளி லாம்பிக் என்று பேர் வைத்துவிடாதீர்கள். அவர்கள் நன்றாக வராத பீப்பாய்களை ஒதுக்குகிறார்கள், நல்லவற்றைக் கலந்து சரிக்கட்டுகிறார்கள். ஒரே ஒரு கேன் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் சாதுவான மோர்ப் புளிப்பு மட்டும் இருந்து, காடி நெடியும் வெண்ணெயும் இல்லாவிட்டால், நன்றாகக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். எலுமிச்சை சோடா பிடிக்கிறவர்களுக்கு அது பிடித்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. பீர் வாய்க்கு நன்றாகவே இருக்கிறது, பாட்டிலில் அடைக்கலாமா? படலம் கண்ட பீரை கண்ணாடி பாட்டிலில் அடைக்க வேண்டாம் என்பதே என் பதில். காரணம் கணக்குத்தான். அடர்த்தி கடைசி இலக்கத்தில் ஒன்று இறங்கினால், ஒரு லிட்டர் பீரில் சுமார் அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். சாதாரண பீரில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு இருக்கும், அதற்குத் தேவையான சர்க்கரையை நீங்களே போட்டு மூடுவீர்கள். உள்ளே காட்டு ஈஸ்ட் இருந்தால் அது அதோடு நிற்காது. நல்ல ஈஸ்ட் விட்டுவைத்த மிச்சத்தை வாரக்கணக்கில் மென்றுகொண்டே இருக்கும். 1.010-இலிருந்து 1.006-க்கு இறங்கினாலே வாயு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நம் ஊரில் கிடைக்கும் 650 மில்லி பழுப்பு பாட்டில் பலமுறை ஆலைக்குப் போய்வந்து கீறல் விழுந்தது, அதை நம்பி இந்த அழுத்தத்தைக் கட்டிவைக்கக் கூடாது. மே மாத வெக்கையில் சமையலறை அலமாரியில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். வீட்டில் கண்ணைப் பற்றிப் பயப்பட்டது வீண் பயம் என்று மேலே சொன்னேன். பயப்பட வேண்டிய கண் ஆபத்து இதுதான்.

அடைத்தே தீர வேண்டும் என்றால் சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள், அழுத்திப் பார்த்தால் கையில் தெரியும். கல் மாதிரி ஆனதும் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். படலம் எதுவும் இல்லை, ஈஸ்ட் கட்டிதான் என்று தெரிந்தால் கண்ணாடிக்குப் போகலாம். அப்போதும் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவு எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏர்லாக்கில் குமிழி வருவதையோ வராததையோ கணக்கில் எடுக்காதீர்கள், மத்தியான வெயிலில் வாயு விரிந்தாலே குமிழி வரும். லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்துப் போடுங்கள். மூன்று மாதம் பட்டினி கிடந்த ஈஸ்ட்டை நம்பாமல், கேன் முழுவதற்கும் சேர்த்து இரண்டு கிராம் புது உலர் ஈஸ்ட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாட்டிலில் அடைத்து மறந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை: பாட்டில் கழுத்தில், பீரின் மட்டத்தில், வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தால் அது தொற்றின் அடையாளம். பாட்டில் மேல் துண்டைப் போர்த்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்த பிறகு திறங்கள்.

இத்தனையும் வைத்து உங்கள் கேனைப் பற்றி என் ஊகம்: நொதித்தல் முடிந்திருக்கும், உடம்புக்கு ஆபத்து இருக்காது, ஆனால் காடியின் பக்கம் சாய்ந்திருக்கும், ஹாப்ஸ் வாசனை போயிருக்கும். பேல் ஏல் என்று நீங்கள் ஆசைப்பட்டது அதில் இருக்காது. லேசான காடி என்றால் கலந்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள், அது குறையவே குறையாது. முழுக்கக் காடியாகவே விட்டுவிடலாம். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணி கட்டி, காற்றோட்டமான மூலையில் இரண்டு மாதம் வைத்தால் மால்ட் வினிகர் கிடைக்கும், மீன் வறுவலுக்கு அருமையாக இருக்கும். ஊறுகாய்க்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். 4 சதவீத ஆல்கஹாலில் இருந்து அதிகபட்சம் 4 சதவீத அமிலம்தான் வரும், அளக்காமல் அதை நம்பி எதையும் பதப்படுத்த முடியாது. குடிக்க முடிவு செய்தாலும் அப்பாவுக்கோ, கீமோ போன்ற சிகிச்சையில் எதிர்ப்புச்சக்தி குறைந்திருக்கும் யாருக்கோ இதைக் கொடுக்காதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத உயிருள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அவர்களுக்குத் தொல்லை தரலாம். விருந்தாளிக்கு விற்பது என்ற பேச்சே வேண்டாம். 1965-ஆம் வருட கர்நாடக கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதற்கே அனுமதி இல்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

கடைசியாகச் சாமான்கள். அந்த கேனை இன்னொரு தரம் பீருக்குப் பயன்படுத்த வேண்டாம். பிளாஸ்டிக்கின் கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள் உட்கார்ந்திருப்பதை எந்த சானிட்டைசரும் முழுசாகத் தொடாது. சைஃபன் குழாய், ஏர்லாக்கின் ரப்பர் அடைப்பான், அடியில் பொருத்தின பிளாஸ்டிக் குழாய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஸ்டீல் பாத்திரமும் கண்ணாடியும் கொதிநீருக்கும் சோப்புக்கும் அடங்கும், அவற்றை வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது ஏர்லாக்கில் தண்ணீருக்குப் பதில் கிளிசரின் ஊற்றிவிட்டுப் போங்கள். மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும், பெங்களூரு மார்ச் வெயிலுக்கு வற்றாது.